எலிப் புழுக்கையில் ஒரு வெப்பமானி

1849-இல் தங்கம் தேடிக் கலிஃபோர்னியாவுக்குப் புறப்பட்ட ஒரு கூட்டம், நெவாடா பாலையில் வழி தவறிப் பசியில் தவித்தது. பாறை இடுக்கில் கற்கண்டுபோல மினுங்கும் கட்டிகள் கண்ணில் பட்டன. வாயில் போட்டால் இனிப்பு. சற்று நேரத்தில் குமட்டல். அவர்கள் தின்றது எலி மூத்திரம் இறுகிய குப்பை என்பது பிற்கால ஆய்வாளர்களின் முடிவு.

அந்த எலியின் பெயர் பேக் ராட். நியோடோமா பேரினத்தைச் சேர்ந்தது. குச்சி, இலை, விதை, கள்ளிமுள், எலும்பு என்று அகப்பட்டதையெல்லாம் இழுத்துவந்து வளையில் குவிக்கும். ஒன்றைக் கவ்விக்கொண்டு போகும்போது அதைவிட நல்லது தென்பட்டால், முன்னதைப் போட்டுவிட்டுப் பின்னதைத் தூக்கிக்கொள்ளும். குவியலின் மேலேயே சிறுநீரும் கழிக்கும். தண்ணீர் அரிதான நிலத்து எலியாதலால் அது கெட்டியான சிறுநீர். காய்ந்ததும் பிசினாக இறுகி, உள்ளே இருப்பவற்றை மூடிக்கொள்ளும். மழை புகாத குகையில் அந்தக் குவியல் 40,000 ஆண்டுகளுக்கு மேலும் கெடுவதில்லை.

1960-களின் தொடக்கத்தில் பிலிப் வெல்ஸ், கிளைவ் ஜோர்கென்சன் என்ற இருவர் நெவாடாவின் வறண்ட குன்றுகளில் இத்தகைய குவியல்களைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே இலையோடு கூடிய ஜூனிபர் கிளைகள் இருந்தன. அந்தக் குன்றுகளிலோ ஒரு ஜூனிபர் மரம்கூட இல்லை. ஒன்பது குவியல்களின் வயதைக் கார்பன்-14 முறையில் கணித்தபோது 7,800 ஆண்டு முதல் 40,000 ஆண்டுக்கு மேல் வரை வந்தது. இன்று மலையின் உயரத்தில் மட்டும் நிற்கும் ஜூனிபர் காடு, பனியுகத்தில் சுமார் 600 மீட்டர் கீழே இறங்கி நின்றிருக்கிறது. இன்றைய பாலை அன்று குளிர்ந்த, ஈரமான நிலம். 1964-இல் 'சயின்ஸ்' இதழில் இந்த முடிவு வெளியானது.

எலியின் சாட்சியை நம்பலாமா? அது தொலைவு போகாத பிராணி என்பதால்தான் நம்பலாம். மகரந்தத் தூளைக் காற்று பல கிலோமீட்டர் அள்ளிக்கொண்டு வரும். எலியோ வளையைச் சுற்றிச் சில பத்து மீட்டருக்குள்தான் பொறுக்கும். ஆகவே குவியலில் இருக்கும் செடி அந்த வாசலிலேயே வளர்ந்த செடி. ஆனால் இல்லாததை வைத்து முடிவு கட்டக் கூடாது; எலிக்குப் பிடிக்காத செடி அருகிலேயே இருந்திருக்கலாம்.

குவியலைப் பிரிக்கும் முறை எளியது. கட்டியை உடைத்துத் தண்ணீரில் ஊறவைத்தால் இறுகிய சிறுநீர் கரைந்துவிடும். மழை செய்திருந்தால் நாசம். ஆய்வுக்கூடத்தில் செய்தால் ஆதாரம். சல்லடையில் தங்கும் இலையையும் விதையையும் உலர்த்தி, இனம் பிரித்து, வயது கணிக்கிறார்கள்.

சல்லடையில் புழுக்கையும் தங்கும். பெரிய எலியின் புழுக்கை அகலமானது. குளிரில் பெரிய உடல் சூட்டை எளிதில் இழக்காது. வெயிலில் சிறிய உடல்தான் தாங்கும். ஃபெலிசா ஸ்மித்தும் உடன் ஆய்ந்தவர்களும் 25,000 ஆண்டுக்காலப் புழுக்கைகளை அளந்து, 1995-இல் முடிவை வெளியிட்டார்கள். குளிர்ந்த காலங்களில் எலி பெருத்திருந்தது, வெப்பம் ஏறியபோது சிறுத்தது. அடுத்த குகைக்குள் நுழையும் ஆய்வாளர் செடிகளின் பட்டியலோடு புழுக்கையின் அகலத்தையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.