வீட்டிற்கு வெளியே செலவாகும் மின்சாரம்

வீட்டின் மின் கட்டணம் உயரும்போது விளக்கு, விசிறி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றின் மீதே மக்களின் கவனம் செல்கிறது. தொட்டிக்கு நீரேற்றும் பம்பு, வாயில் விளக்கு, பெருநகர அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நீச்சல் குளப் பம்பு ஆகியவை கவனத்திற்கு வருவதில்லை. குளத்திற்கான செலவு பொதுப் பராமரிப்புக் கட்டணத்தில் அடங்குவதால், அதில் இறங்காதவரும் பங்கு செலுத்த நேரிடுகிறது.

வேகமும் மின்செலவும்

குளத்து நீரை வடிகட்டியின் வழியே சுழற்றும் பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால், நீரோட்டமும் பாதியாகும். ஆனால் தேவைப்படும் மின்திறன் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். 1.5 கிலோவாட் பம்பு நாள்தோறும் 8 மணி நேரம் ஓடினால் 12 யூனிட் செலவாகும். வேகத்தைப் பாதியாக்கி 16 மணி நேரம் ஓடவிட்டால் சுழலும் நீரின் அளவு மாறாது. செலவோ கணக்கின்படி 3 யூனிட்டே. மோட்டாரின் இழப்புகளால் நடைமுறையில் சேமிப்பு சற்றுக் குறையும். வேகத்தை மாற்றியமைக்கக் கூடிய மோட்டாரின் பயன் இதுவே. வடிகட்டியில் அழுக்கு அடைந்தால் நீரோட்டம் தளர்ந்து பம்பு நெடுநேரம் ஓட வேண்டியிருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

மேல்நிலைத் தொட்டிக்கு இக்கணக்கு பொருந்தாது. நீர் குறிப்பிட்ட உயரத்தை எட்டியாக வேண்டும். வேகம் குறைந்தால் நீர் ஏறாமலே போகலாம். உயரத்திற்கேற்ற பம்பைத் தேர்ந்தெடுப்பதும், அடி வால்வின் கசிவைத் தடுப்பதும், தொட்டி நிரம்பியதும் தானே நிற்கும் மிதவை விசையைப் பொருத்துவதும் இங்கு உரிய வழிகளாகும்.

விளக்கும் நேரமும்

100 வாட் குண்டு விளக்கு இரவில் 12 மணி நேரம் எரிந்தால் மாதத்திற்கு 36 யூனிட் செலவாகும். 10 வாட் எல்.இ.டி. விளக்கிற்கு 3.6 யூனிட் போதும். பயன்பாடு கூடக்கூட யூனிட்டின் விலை ஏறும் கட்டண முறையில், மிச்சமாவது விலை உயர்ந்த யூனிட்டுகளே.

மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2023 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம் நேரத்திற்கேற்ற கட்டணத்திற்கு வழி வகுத்தது. சூரிய ஒளி நேரக் கட்டணம் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 விழுக்காடு தாழ்ந்திருக்க வேண்டும். உச்ச நேரத்தில் கட்டணம் கூடும். இந்நேரங்களை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வரையறுக்கிறது. இம்முறை நடப்பிலுள்ள இடங்களில் பம்பைப் பகலில் ஓட்டி, உச்ச நேரத்தில் நிறுத்தி வைத்தல் நலம்.

குளத்துப் பம்பிற்குத் தனி மீட்டர் பொருத்தினால், அதன் செலவு குடியிருப்போர் அனைவருக்கும் விளங்கும். எவர் எவ்வளவு செலுத்துவது என்பதை அவர்களே நியாயமாக முடிவு செய்ய இயலும்.