செய்தியில் வராத வடசென்னை

சென்னப்பட்டணத்தின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்த்தவர்களுக்கு, கிழக்கிந்தியக் கம்பெனியார் கோட்டைக்குள் தாங்கள் வசித்த பகுதியை வெள்ளையர் பட்டணம் என்றும், மதிலுக்கு வடக்கே நெசவாளரும் துபாஷிகளும் வணிகரும் படகோட்டிகளும் குடியிருந்த பகுதியைக் கறுப்பர் பட்டணம் என்றும் அழைத்து, மனிதரின் தோல் நிறத்தையே எல்லைக்கல்லாக நட்டு ஒரு நகரத்தை நிர்மாணித்த விஷயம் புதிதாக இராது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் அந்நகரைக் கைப்பற்றி, மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு திருப்பிக் கொடுத்ததை ஒட்டிய காலத்தில், கோட்டைப் பீரங்கிகளுக்குக் குறுக்கே எதுவும் நிற்கலாகாது என்று பழைய கறுப்பர் பட்டணம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. இன்று உயர்நீதிமன்றம் கம்பீரமாக நிற்கும் இடம் அதுதான். அங்கிருந்த ஜனங்கள் இன்னும் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தார்கள். பின்னர் ஹைதர் அலியின் குதிரைப்படைக்கு அஞ்சி அவர்களைச் சுற்றி ஒரு மதில் எழுப்பி, அதன் செலவை அவர்களிடமே வரியாகக் கேட்க நினைத்த கதையைத்தான் வால்டாக்ஸ் சாலை இன்றும் தன் பெயரில் சுமந்துகொண்டிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பகுதிக்கு ஐந்தாம் ஜார்ஜின் பெயரைச் சூட்டி ஜார்ஜ் டவுன் ஆக்கினார்கள். ஆனால் நகரத்துக்கு வடக்கே இருப்பவர்கள் வேறு தினுசான மனிதர்கள் என்ற எண்ணம், மாநகரம் வளர வளர, கடற்கரையோரமாகவே நடந்து ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரையில் போய்ச் சேர்ந்துவிட்டது. இத்தனைக்கும், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. துறைமுகம் இங்கே, மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் இங்கே, 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1994இல் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம் என்று வரிசையாக வந்தவை எல்லாம் இங்கேதான். நகரத்துக்கு வேண்டிய மின்சாரமும் பெட்ரோலும் தெற்கே போயின. சாம்பலும் புகையும் உற்பத்தியான இடத்திலேயே தங்கிவிட்டன.

எர்ணாவூரிலிருந்தோ கத்திவாக்கத்திலிருந்தோ ரயிலேறிப் போய்ப் பட்டம் பெற்ற ஓர் இளைஞனை, வேலைக்கு நேர்காணல் செய்கிற அதிகாரி, ‘எந்த ஏரியா தம்பி?’ என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் ஒரு விநாடி மேலும் கீழும் பார்ப்பாரானால், அந்த ஒரு விநாடியை அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்பது யோசிக்கத் தக்கது. அவர் ஒருவேளை வாழ்நாளில் திருவொற்றியூர் வடிவுடையம்மனைத் தரிசிக்கக்கூட இந்தப் பக்கம் வந்திருக்கமாட்டார். அவருக்கு வடசென்னையைக் காட்டியவை சினிமாவும் செய்தித்தாளும். சினிமாவில் வடசென்னைக்காரன் என்றால் அரிவாள், லுங்கி, கஞ்சா, ஒரு தனிப் பேச்சு. அவன் மேனி கறுப்பாகத்தான் இருக்கவேண்டும் என்பதற்காகச் சிவந்த நடிகருக்கும் மை பூசுவார்கள். அதே படத்தில் அவனுடைய காதலி மட்டும் எப்படியோ பால் நிறத்தில் இருப்பாள்! 2014இல் ‘மெட்ராஸ்’, 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ என்று இரண்டு படங்களை பா. இரஞ்சித் எடுத்தபோதுதான், இங்கே கால்பந்து ஆடுகிறவர்களும் குத்துச்சண்டைப் பரம்பரைகளும் அரசியல் பேசுகிறவர்களும் படிக்கிறவர்களும் உண்டு என்பது பலருக்குத் தெரியவந்தது. 1980இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிக் குத்துச்சண்டை ஆடியதை, அமெரிக்கக் கறுப்பர் ஒருவர் தங்கள் வீட்டுக்கே வந்துபோனதைப் போல இந்தப் பக்கத்தில் இன்றும் பேசுவார்கள்.

அந்த அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவத்தை இங்கே கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பத்திரிகைகள் ஒரு ஜனசமூகத்தைப் பார்க்கும் விதத்துக்கும், அந்த ஜனசமூகம் அரசாங்கத்தால் நடத்தப்படும் விதத்துக்கும் உள்ள சம்பந்தத்தை அவர்கள் வெகு காலத்துக்கு முன்பே கண்டு சொல்லிவிட்டார்கள். 1967ஆம் வருஷக் கோடையில் நெவார்க், டெட்ராய்ட் முதலிய நகரங்களில் கலவரங்கள் மூண்டபோது, ஜனாதிபதி ஜான்சன் இல்லினாய் மாநில கவர்னர் ஆட்டோ கெர்னரின் தலைமையில் 11 பேர் கொண்ட ஒரு விசாரணைக் குழுவை நியமித்தார். மறு ஆண்டு வெளிவந்த அதன் அறிக்கை, வேலையின்மை, வீட்டுவசதி, போலீஸ் அத்துமீறல் ஆகியவற்றோடு நில்லாமல், பத்திரிகைகளையும் தொலைக்காட்சியையும் பற்றித் தனியாக ஓர் அத்தியாயம் எழுதியது. கலவரம் என்றால் ஓடிவருகிற நிருபர்கள், கறுப்பின மக்களும் மற்றவர்களைப் போலக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், பள்ளிக்கூடக் கூட்டங்களுக்குப் போகிறார்கள், செய்தித்தாள் வாசிக்கிறார்கள் என்பதையே அறியாதவர்கள் போல எழுதுகிறார்கள் என்பது அந்த அத்தியாயத்தின் சாராம்சம். செய்தி எழுதுகிறவர்களில் கறுப்பினத்தவர் 100க்கு 5 பேர்கூட இல்லை என்பதையும் அது எடுத்துக்காட்டியது.

காசிமேட்டைப் பற்றி நம் பத்திரிகைகளில் வந்த செய்திகளை ஒரு மாத காலம் வெட்டி ஒட்டிப் பார்க்கிற எவரும் கெர்னர் அறிக்கையைத் தமிழில் வாசிப்பது போல உணர்வார்கள். வெட்டுக்குத்து வரும், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து வஞ்சிரம் விலை இறங்கினால் அது வரும், புயல் வந்தால் கரையில் ஒதுங்கிய படகின் படம் வரும். ஓர் ஐஸ் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தால் வருமா என்பது, அன்றைக்குப் பக்கத்தில் இடம் மிச்சமிருப்பதைப் பொறுத்தது.

இதற்கு ஒரு காரணத்தை நமக்குச் சுட்டிக்காட்டியவரே ஒரு கறுப்பினத்தவர் என்பது விசேஷம். 1996இல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகைக்காக டில்லியில் பணியாற்றிய கென்னத் கூப்பர், பேசுவதற்குத் தலித் பத்திரிகையாளர் ஒருவர் வேண்டும் என்று பி. என். உனியால் என்ற மூத்த இந்தியப் பத்திரிகையாளரிடம் உதவி கேட்டார். உனியால் நண்பர்களை விசாரித்தார், அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்ற நிருபர்களின் பட்டியலைத் தேடினார், ஒருவரும் கிடைக்கவில்லை. முப்பது வருஷத் தொழிலில் தலித் பத்திரிகையாளர் ஒருவரைக்கூடத் தாம் சந்தித்ததில்லை என்பதும், அது அதுவரையில் தமக்கு உறுத்தியதே இல்லை என்பதும் அப்போதுதான் அவருக்குப் பிரத்தியட்சமாயிற்று. அதை மறைக்காமல் எழுதினார். தன் நாட்டில் நிறத்தின் காரணமாக எண்ணப்படாமல் போனவர்களின் வம்சத்தில் வந்த ஒருவருக்குத்தான் நம் நாட்டில் எண்ணப்படாமல் போனவர்களை எண்ணிப் பார்க்கத் தோன்றியிருக்கிறது.

தலித்துகளில் எழுதுவதற்கு ஆள் இல்லாததால் அப்படியா என்றால் இல்லை. நியூயார்க்கில் சுதந்திரக் கறுப்பினத்தவர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே பேசவேண்டும் என்று ‘ஃப்ரீடம்ஸ் ஜர்னல்’ என்ற வாரப் பத்திரிகையை 1827இல் தொடங்கியதைப் போலவே, இதே சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பத்திரிகையையும், அயோத்திதாசர் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வாரப் பத்திரிகையையும் நடத்தினார்கள். பெரிய பத்திரிகைகளின் வாசல் சாத்தியிருந்தது, அவ்வளவுதான்.

செய்தியில் வராமல் போவதனால் கௌரவம் குறைகிறது என்பதோடு காரியம் நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம். எண்ணூரில் அது மூச்சுக்காற்றின் பிரச்சினையாகிவிட்டது. கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை நம்பி இறாலும் நண்டும் பிடித்து வாழும் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களில், ஆற்றின்மேல் செல்லும் குழாய்கள் கசிந்து அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஆற்றின் அடியில் படிந்து மேடாகி, படகு தரைதட்டும் நிலைமை வெகு காலமாக இருந்துவந்தது. தொழிலுக்குப் போகிறவர்கள் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள். 2022இல் இதைச் சரிசெய்யும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிடுவதற்குள் ஒரு தலைமுறை மீனவப் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கரையில் திரண்ட கறுப்புக் குழம்பை மீனவர்களும் தொழிலாளர்களும் கல்லூரி மாணவர்களும் வாளிகளால் மொண்டு எடுத்த காட்சி உலகமெல்லாம் போயிற்று. கண்ணுக்குக் காட்சியாக இருந்ததனால் போயிற்று என்று நினைக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் முகத்துவாரத்தில் புகுந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் முதலிய ஊர்களின் ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அதன்பின் பல வாரங்கள் பந்தல் போட்டு அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது, காமிராக்கள் ஏறக்குறைய எல்லாம் திரும்பிப் போயிருந்தன.

அமெரிக்காவிலும் இப்படித்தான் நடந்தது. 1982இல் வட கரோலினா மாநிலம் ரசாயன விஷம் கலந்த மண்ணைக் கொட்டுவதற்கு, ஏழைக் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த வாரன் கவுண்டியைத் தேர்ந்தெடுத்தது. லாரிகளுக்கு முன்னால் ஜனங்கள் சாலையில் படுத்தார்கள். 500 பேருக்கு மேல் கைதானார்கள். குப்பைமேடும் வந்தே தீர்ந்தது. ஆனால் குப்பை எங்கே போகிறது என்பதற்கும் அங்கே யார் வாழ்கிறார்கள் என்பதற்கும் உள்ள உறவை ஆராய வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தோல்வியிலிருந்துதான் பிறந்தது.

கேட்காத காதில் விழும்படி பேசுவது எப்படி என்பதற்கு, இந்தியாவில் பாடம் படித்துப்போன ஒரு கறுப்பின இளைஞரின் கதை உதாரணமாகும். கொரியப் போருக்குப் படையில் சேர மறுத்துச் சிறை சென்று மீண்ட ஜேம்ஸ் லாசன், 1953 முதல் மூன்று ஆண்டுகள் நாகபுரியில் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றிக்கொண்டே காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைப் பயின்றார். அலபாமாவின் மான்ட்கோமரியில் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏற மறுக்கிறார்கள் என்ற செய்தியை அவர் படித்ததும் நாகபுரிப் பத்திரிகை ஒன்றில்தான். நாடு திரும்பி, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் மாணவராகச் சேர்ந்து, நாஷ்வில் நகரத்துக் கறுப்பின மாணவர்களுக்கு, அடித்தாலும் துப்பினாலும் கை ஓங்காமல் உட்கார்ந்திருக்கும் பயிற்சியை மாதக்கணக்கில் அளித்தார். 1960 பிப்ரவரியில் அவர்கள் வெள்ளையருக்கு மட்டுமென்று ஒதுக்கிய சிற்றுண்டி மேசைகளில் போய் உட்கார்ந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று லாசனைக் கலகக்காரர் என்று தாக்கியது; அதன் அதிபரே பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவிலும் இருந்தார்; லாசன் வெளியேற்றப்பட்டார். ஏப்ரலில் மாணவர்களுக்காக வாதாடிய வக்கீலின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டபோது, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு சத்தமும் இல்லாமல் நகர மன்றத்துக்கு நடந்தார்கள். டயான் நாஷ் என்ற மாணவி, நிறத்தைக் கொண்டு ஒருவரை ஒதுக்குவது நியாயம்தானா என்று மேயரை எல்லோர் முன்னிலையிலும் கேட்க, அவர் நியாயமில்லை என்று ஒப்புக்கொண்டார். மூன்று வாரங்களில் மேசைகள் திறந்தன.

சென்னையிலும் அந்த முயற்சி இல்லாமலில்லை. 2017 தொடக்கத்தில் கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா சாம்பல் படிந்த எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று புறம்போக்கைப் பற்றிப் பாடியதும், 2018இல் கானாவையும் அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் பெற்றெடுத்த ராப் இசையையும் கலந்து ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினர் மேடையேறியதும் செய்தியாசிரியர்களின் தயவை எதிர்பாராத காரியங்கள். சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானா, மேடையில் இடஒதுக்கீட்டைப் பற்றி வாதம் செய்தது.

இவ்வளவு சொன்ன பிறகு நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கல்வி தேடி நம் நாட்டுக்கு வரும் ஆப்பிரிக்க மாணவர்கள் வாடகைக்கு வீடு கேட்டால் கிடைக்கும் பதிலும், ரயிலில் அவர்கள் பக்கத்து இருக்கை காலியாகவே இருப்பதும் நாம் அறியாதவை அல்ல. 2016 ஜனவரியில் பெங்களூரில், தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு விபத்துக்காகத் தான்சானிய மாணவி ஒருவரைக் கூட்டம் தாக்கியது. 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்கள் அடிபட்டபோது, டில்லியிலிருந்த ஆப்பிரிக்கத் தூதர்கள் ஒன்றுகூடி அதை நிறவெறி என்றே அறிவித்தார்கள். ‘எந்த ஏரியா?’ என்ற கேள்வியால் புண்பட்டவர்கள் அந்த மாணவர்களின் முகத்தைப் பார்த்து ‘எந்த நாடு?’ என்று அதே தொனியில் கேட்கலாகாது. வடசென்னை இளைஞர்களுக்கு இதை எடுத்துச் சொல்லும் உரிமை முகம்மது அலியின் படத்தை மாட்டிவைத்திருக்கிற எந்தக் குத்துச்சண்டைக் கூடத்துக்கும் உண்டு.

சென்னை மாநகராட்சியின் மண்டலங்களில் முதலாவது மண்டலம் திருவொற்றியூர். பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அந்த முதல் மண்டலத்துக்கு, அங்கேயே பிறந்து வளர்ந்து, அங்கேயே குடியிருக்கும் ஒரு பெண்ணையோ பையனையோ நிருபராக நியமித்து, வார்டுக் கூட்டத்தில் யார் என்ன கேட்டார், அதிகாரி என்ன பதில் சொன்னார் என்பதை வாரம் ஒரு முறையேனும் எழுதச் சொல்லுங்கள். வாசகர்களும் அதைக் கேட்டு ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடலாம்.