வெயிலும் மரதனும்

தரம் 10இல் படிக்கும்போது, இல்ல விளையாட்டுப் போட்டியின் மரதன் ஓட்டத்தில் நான் நாலாவதாக வந்துகொண்டிருந்தேன். முடிவிடத்துக்கு இன்னும் அரைக் கிலோமீற்றர்கூட இருக்காது. அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஞாபகமில்லை. வீதியைக் குறுக்கே கடந்து ஒரு வீட்டு மதிலில் மோதினேனாம். பிடிக்க வந்த தோழியிடம் "பஸ் போயிட்டா?" என்று கேட்டேனாம். இதைச் சொல்லி வகுப்பில் இன்றும் சிரிப்பார்கள். உம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இனி ஓட்டமும் வேணாம், கிண்ணமும் வேணாம்" என்று முடித்துவிட்டார்.

உம்மாவின் கோபம் நியாயமானது. ஆனால் அவர் குற்றவாளியாகக் கண்டது ஓட்டத்தை. உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பிறகு, அன்று எனக்குள் என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர். நம் பாடசாலைகளில் வீதியில் ஓடினாலே மரதன்தான். அன்று ஓடியது ஏறக்குறைய 5 கிலோமீற்றர். ஒரு கிலோகிராம் உடல் நிறையை ஒரு கிலோமீற்றர் ஓட்டிச் செல்ல ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவாகும். என் நிறை அப்போது 45 கிலோகிராம். ஆகவே 225 கிலோ கலோரி. இதில் காற்பங்கு அளவே தசையின் வேலையாகிறது. மீதி, சுமார் 170 கிலோ கலோரி, வெறும் வெப்பம். அந்த வெப்பம் முழுவதும் உடலுக்குள்ளேயே தங்கினால் உடல் வெப்பநிலை நாலரைப் பாகை உயரும். 37 பாகை செல்சியஸ் 41ஐத் தாண்டிவிடும்.

தங்கவிடாமல் காப்பது வியர்வை. ஆவியாதலின் மறைவெப்பம் என்று தரம் 11இல் பாடமாக்கினோமே, அதுதான். அந்த 170 கிலோ கலோரியையும் வெளியேற்ற 300 மில்லிலீற்றர் வியர்வை ஆவியானாலே போதும். கவனியுங்கள், ஆவியாக வேண்டும். முகத்திலிருந்து சொட்டி வீதியில் விழும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை.

எங்கள் கிழக்குக் கரையில் வெயில் இரண்டு வகை. ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் இலங்கைக்கு நேராக உச்சம் கொடுக்கும். அதையொட்டிய மார்ச், ஏப்ரல் நாட்களில் காற்று அசையாது, சாரீரப்பதன் கூடியிருக்கும், வியர்வை உடம்பிலேயே ஒட்டிக்கிடக்கும். வெப்பமானி 32 என்று காட்டும், உடம்பு அதைவிடக் கூடுதலாக உணரும். வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் வெப்பச் சுட்டெண் இந்த ஈரப்பதனையும் சேர்த்துக் கணிப்பது என்பதால், பயிற்சிக்குப் போகுமுன் வெப்பநிலையை மட்டும் பார்த்துப் பயனில்லை. வைகாசிக்குப் பிறகு வீசும் கச்சான் வேறு மாதிரி. அது உலர்ந்த காற்று. வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும், "எனக்கு வியர்க்கவேயில்லை" என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவோம். என்னை விழுத்தியது முதலாவது வகை. ஆறரைக்குத் தொடங்க வேண்டிய ஓட்டம், பிரதம அதிதி வரப் பிந்தியதால் எட்டரை தாண்டித்தான் தொடங்கியது. அந்த இரண்டு மணித்தியாலமும் வெயிலில் வரிசையில் நின்றோம்.

என் பிழையும் உண்டு. நோன்பு விடுமுறை முழுக்க ஓடவில்லை, பாடசாலை தொடங்கி நாலாம் நாளே போட்டிக்கு நின்றேன். உடல் வெயிலுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும். பழகிய உடலில் வியர்வை முந்தி வரும், அதில் உப்புக் குறையும், இரத்தத் திரவவிழையத்தின் அளவு கூடும். சில வாரங்கள் விட்டுவிட்டால் அந்தப் பழக்கம் போய்விடும், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். நோன்பு காலத்தில் ஓடலாமா என்று கேட்கும் தங்கைகளுக்கு: போட்டி ஓட்டம் வேண்டாம். இஃப்தாருக்குப் பிறகு மெதுவாக ஓடி உடலைத் தளரவிடாமல் வைத்திருந்தால் போதும்.

எங்கள் உடைதான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். கையும் தலையும் மூடியிருப்பதைவிட, எதனால் மூடியிருக்கிறோம் என்பதே முக்கியம். நான் அன்று தடித்த கறுப்பு உள்முக்காடும் அதன்மேல் இன்னொன்றும் அணிந்திருந்தேன். இப்போது வெளிர்நிறத்தில், மெல்லிய, தளர்வான ஒன்றுதான்.

தண்ணீர் விடயத்தில் தாகம் எடுக்கும்போது குடித்தால் இந்தத் தூரத்துக்குப் போதும். பயந்து போத்தல் போத்தலாகக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். நிறைய வியர்த்திருந்தால் ஓட்டம் முடிந்த பிறகு ஒரு ஜீவனி கரைத்துக் குடிக்கலாம்.

பெற்றோர் அவசியம் வாசிக்க வேண்டியது இனித்தான். களைப்பும் தலைச்சுற்றும் வந்தால் நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் பிள்ளை சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், ஆளை அடையாளம் தெரியாவிட்டால் அது வெப்பத் தாக்கு, வைத்தியர்கள் 'ஹீட் ஸ்ட்ரோக்' என்பது. தோல் உலர்ந்திருக்கும் என்று பலர் எதிர்பார்ப்பார்கள். ஓடி விழுந்தவரின் தோல் வியர்வையில் நனைந்தும் இருக்கலாம். வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரைக்கேறும். உடனே குளிர்விக்க வேண்டும், அதே நேரம் 1990க்கு அழைக்க வேண்டும்.

அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் ஃபால்மவுத் என்ற கரையோர ஊரில் 1973 முதல் ஓகஸ்ட் மாத வெயிலில் 7 மைல் வீதியோட்டம் நடக்கிறது. 1978இல் அங்கே அல்பேர்ட்டோ சலசார் என்ற இளம் வீரர் 42 பாகையளவு காய்ச்சலோடு விழுந்தார். இறுதிப் பிரார்த்தனைகூடச் செய்துவிட்டார்கள். பனிக்கட்டி நீர்த் தொட்டியில் கிடத்தப்பட்டுப் பிழைத்த அவர், பிறகு நியூயோர்க் மரதனையே வென்றார். அந்தப் போட்டியில் 18 ஆண்டுகளில் குளிர்நீர்த் தொட்டியில் சிகிச்சை பெற்ற 274 வெப்பத் தாக்கு நோயாளிகளில் ஒருவரும் இறக்கவில்லை என்று 2015இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வைத்தியசாலைக்கு ஏற்றும் அவசரத்தில் குளிர்விப்பதைப் பிற்போடவில்லை என்பதே காரணம்.

இதை வாசித்தபோது எனக்கு ஒரு மூத்தம்மாவின் ஞாபகம் வந்தது. நான் மோதிய மதில் அவருடைய வீட்டு மதில். என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய், உடுப்போடு இருத்தி, வாளி வாளியாக ஊற்றியவர் அவர்தான். "சளி பிடிக்கும்" என்று தடுத்தவர்களை ஏசித் துரத்தினாராம். பனிக்கட்டி இல்லாத இடத்தில் கிணற்று நீரும் உதவும், நிற்காமல் ஊற்ற வேண்டும், யாராவது விசிற வேண்டும்.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதி உம்மாவிடம் காட்டினேன். கணக்கை அவர் பார்க்கவில்லை. "எத்தனை மணிக்குத் தொடங்குவாங்க?" என்று மட்டும் கேட்டார். சுபஹுக்குப் பிறகு, ஆறு மணிக்கு என்றேன். ஆறரை தாண்டினால் ஓடாமல் திரும்பிவர வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. இப்போது எங்கள் வீட்டு ஃப்ரீசரில் மீன் வைக்க இடமில்லை, தண்ணீர் நிரப்பிய சோடாப் போத்தல்கள் உறைந்து கிடக்கின்றன. போட்டியன்று அவற்றோடு மூத்தம்மா வீட்டு மதிலடியில் நிற்கப்போவதாக உம்மா சொல்லியிருக்கிறார்.