குழு நடனமும் நடுவர் உரையும்

ஆடலுக்குப் புள்ளி இடுதல் எளிது. ஆடினோருக்கு உரை சொல்லுதல் அரிது. நம் பாடசாலைகளுக்கிடையே நிகழும் நடனப் போட்டிகளில் முன்னது ஒழுங்காக நடைபெறுகின்றது. பின்னது பெரும்பாலும் நடைபெறுவதேயில்லை. இவ்விரண்டனுள் மாணாக்கருக்குப் பெரிதும் வேண்டப்படுவது எது என்பதை ஆசிரிய உலகம் ஆற அமர இருந்து சிந்தித்தல் நன்று.

தமிழ்மொழித் தினப் போட்டிகள் பாடசாலையில் தொடங்கி, வலயம், மாகாணம் எனப் படியேறி, அகில இலங்கை நிலையில் முடிவன. குழு நடனத்துக்கு வரும் அணியொன்று மேடையில் நிற்பது சில நிமிடமே. அச்சில நிமிடத்தின் பின்னே பல மாத உழைப்பு உண்டு. பாடம் முடிந்தபின் வெறும் வயிற்றோடு நின்று பழகியவர்களும், பேருந்தைத் தவறவிட்டு நடந்து வீடு சேர்ந்தவர்களும், தாயின் சேலையை வெட்டி ஆடையாக்கியவர்களும் அவ்வணியில் உளர். ஆடி இறங்கிய அவர்களுக்குக் கிடைப்பது யாது? ஓர் எண். முதலாமிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம், அல்லது ஒன்றுமில்லை. அவ்வெண் ஏன் வந்தது என்பது நடுவரின் தாளில் இருக்கின்றது. அத்தாளோ உறையுள் அடங்கிவிடுகின்றது.

யான் நடனக் கலைஞன் அல்லன். ஆயினும் பாட்டின் மொழியையும் பொருளையும் நோக்குதற்கென நடுவர் குழுக்களில் ஒருவனாகப் பல ஆண்டு இருந்து வருகின்றேன். அவ்விருக்கையிலிருந்து கண்டவற்றையும் நம் பழைய நூல்களிற் கற்றவற்றையும் சேர்த்து ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

கூத்துக் களரியில்

குறை சொல்லித் திருத்தும் முறை நமக்குப் புதிதன்று. மட்டக்களப்பு நாட்டுக் கூத்து மரபை நோக்குக. வடமோடியாயினும் தென்மோடியாயினும் அண்ணாவியார் ஒருவரின் கீழ் அது பயிலப்படுகின்றது. முதலிற் சட்டங் கொடுத்தல். ஆடுவோருக்கு அவரவர் பாத்திரமும் பாட்டும் வழங்கப்படுவது அப்போது. பின்னர்ச் சதங்கை அணிதல். அதன்பின் அடுக்குப் பார்த்தல். இவையெல்லாம் முடிந்த பின்னரே அரங்கேற்றம். இடைப்பட்ட நிலைகளில் ஊரவர் கூடியிருந்து பார்ப்பர். ஆட்டத்தின் தளர்ச்சியும் பாட்டின் பிசகும் அவர்கள் கண்ணுக்கும் காதுக்கும் தப்புவதில்லை. அவர்கள் சொன்னது அண்ணாவியார் காதில் விழும். அண்ணாவியார் சொன்னது ஆடுவோன் காலில் ஏறும்.

இங்கே கவனிக்கத்தக்கது காலம். திருத்தம் அரங்கேற்றத்துக்கு முன்னரே வந்துவிடுகின்றது. வந்த திருத்தத்தைப் பழகுதற்கு நாளும் இருக்கின்றது. நம் போட்டிகளிலும் இத்தகைய படிகள் உள்ளன. வலயத்துக்கும் மாகாணத்துக்கும் இடையே சில வாரம் உண்டு. தோற்ற அணிக்கோ அடுத்த ஆண்டு முழுவதும் உண்டு. படிகள் இருந்தும் படிக்குப் படி உரை இல்லாமையே குறை.

குற்றம் யாருடையது?

உரை சொல்லப் புகுவோர் முதலில் ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். கண்ட குற்றம் யாருடையது என்பதே அது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கற்றோர் இதனை நன்கு அறிவர். மாதவி ஐந்து வயதிற் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். தலைக்கோலும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். ஆனால் இளங்கோவடிகள் அவள் ஆடியதை உடனே சொல்லிவிடவில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவரின் தகுதியை ஒவ்வொன்றாக வகுத்துரைக்கின்றார். அரங்கின் நீளமும் அகலமும் உயரமும் கோலால் அளந்து காட்டுகின்றார். அதன் பின்னரே மாதவி அரங்கில் ஏறுகின்றாள். ஆடல் என்பது பலர் கூடிச் செய்யும் வினை என்பது அடிகள் கருத்தாதல் தெளிவு.

பரதமுனிவரின் நாட்டிய சாத்திரமும் இக்கருத்துக்கு அரணாகும். அதன் 27ஆம் அத்தியாயம் ஆடலின் வெற்றியையும் அதற்கு நேரும் ஊறுகளையும் ஆராய்வது. அங்கே நடுவர் ஒருவர் அல்லர், பலர். யாப்பறிந்தவன், இலக்கணம் அறிந்தவன், இசை வல்லான், ஆடல் வல்லான், ஓவியன், வில்லாளி என அவர்கள் வேறு வேறு துறையினர். அவரவர் தத்தம் துறைக்கே தீர்ப்புச் சொல்வர். வில் பிடித்த கையை வில்லாளி நோக்குவான். சொல்லின் வழுவை இலக்கணம் வல்லான் நோக்குவான்.

இந்நாளிற் பல அணிகள் ஒலிப்பதிவுக்கே ஆடுகின்றன. பதிவின் வேகம் பிள்ளைகளின் காலுக்கு மிஞ்சியதாயின், பிழை காலினுடையதன்று, பதிவைத் தெரிந்தவருடையது. பாட்டின் பொருள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எட்டாததாயின், முகத்திற் பாவம் இல்லையெனப் பிள்ளையைக் குறை கூறுதல் முறையன்று. ஆசிரியருக்குரியதை ஆசிரியருக்கும், ஆடுவோருக்குரியதை ஆடுவோருக்கும் பகிர்ந்து சொல்லுதலே நடுவுநிலைமை.

நன்னூலார் தரும் பெயர்கள்

நடுவர்கள் வாய்திறந்து சொல்லும் சில சொற்களும் பயன்படாமற் போதற்குக் காரணம், அவை பெயரற்ற குறைகளாய் இருத்தலே. "இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம்" என்பர். எதனை, எங்கே, எப்படி என்பது அதில் இல்லை. குறைக்குப் பெயர் வேண்டும். அப்பெயர்களை நாம் வேறெங்கும் தேடவேண்டியதில்லை. நூலுக்கு வரும் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் வகுத்து வைத்துள்ளார். நூலுக்குச் சொன்னது ஆடலுக்குப் பொருந்துமோ எனின், பொருந்தும். நூல் சொல்லாற் சொல்வதைக் குழு நடனம் மெய்யாற் சொல்லுகின்றது. இரண்டும் ஒரு பொருளை ஒழுங்குபடத் தொடுப்பனவே.

கூறியது கூறல் என்னும் குற்றத்தை எடுத்துக்கொள்வோம். உழவர் நடனம் ஒன்று. விதைப்பு, நாற்று நடுகை, அரிவு வெட்டு, சூடு மிதிப்பு என நான்கு தொழில். நான்குக்கும் ஒரே வட்டம், ஒரே அடவு. பல்லவி திரும்பத் திரும்ப வருதல் குற்றமன்று. திரும்பும்போது புதிதொன்றும் காட்டாமையே குற்றம். இதற்குத் திருத்தம் வயலிலேயே இருக்கின்றது. நாற்று நடுவோர் பின்னோக்கி நகர்வர். அரிவு வெட்டுவோர் முன்னோக்கிச் செல்வர். இவ்வொன்றை ஆசிரியருக்குச் சொன்னாற் போதும். வட்டம் வரிசையாகும், வரிசை இருதிசையும் இயங்கும், தொழில்கள் வேறுபட்டுத் தோன்றும்.

மாறுகொளக் கூறல் மற்றொன்று. பாட்டு அந்திப்பொழுதைப் பாடுகின்றது. கைகள் தாமரை மலர்வதைக் காட்டுகின்றன. அந்தியிற் குவிவது தாமரை. முத்திரை அழகாய் இருந்தும் பொருள் பிழைத்துவிட்டது. முத்திரையை மாற்ற வேண்டியதில்லை. மலர்ந்த கையைக் குவியவிட்டாற் போதும்.

மற்றொன்று விரித்தல் இக்காலத்திற் பெருகியுள்ளது. கடலுக்குப் போனவரை எதிர்பார்த்திருக்கும் பாட்டின் நடுவே, ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக் கோபுரம் அமைப்பர். கைதட்டல் எழும். கோபுரம் ஏறி இறங்கும் வரை பாட்டின் பொருள் காத்திருக்கும். சென்று தேய்ந்து இறுதல் எல்லாரும் அறிந்ததே. தொடக்கத்திலேயே மூன்றாங் காலத்தில் ஆடிய அணிக்கு முடிவில் மூச்சு இராது. இரு வரிசையாய் நிற்கும் எண்மரில் பின்வரிசை நால்வர் முன்வரிசையால் மறைக்கப்படின் அது மயங்க வைத்தல். பின்னிற்போரை முன்னிற்போரின் இடைவெளியில் நிறுத்தின் அது நீங்கும்.

இப்பெயர்களால் ஒரு நன்மை உண்டு. "நன்றாயில்லை" என்னும் சொல் ஆடினாரைச் சுடும். "இரண்டாம் அடியில் மாறுகொளக் கூறல்" என்னும் சொல் ஆட்டத்தைச் சுட்டும். சுடுவதற்கும் சுட்டுவதற்கும் உள்ள வேறுபாடே உரையின் பண்பு.

நன்றென்பதையும் சொல்லுக

பவணந்தியார் குற்றத்தோடு நின்றாரல்லர். குற்றம் பத்தெனின் அழகும் பத்து. இதனை உபசாரமாகக் கொள்ளுதல் கூடாது. நல்லது இன்னதென்று அறியாத அணி, அடுத்த முறை அந்நல்லதையே எறிந்துவிடக்கூடும். அவ்வாறு எறிந்ததை யானே கண்டேன்.

கடலோரச் சிற்றூர்ப் பாடசாலை ஒன்று நெய்தல் நிலப் பாட்டுக்கு ஆடிற்று. யான் அன்று பார்வையாளரிடையே இருந்தேன். தோணிகள் திரும்பும் நேரம். எழுவர் கரையில் ஆட, ஒரு சிறுமி மட்டும் கடலை நோக்கி அசையாது நின்றாள். மண்டபம் முழுவதும் அவளையே பார்த்தது. அணிக்கு மூன்றாமிடம். அடுத்த ஆண்டு அதே பாட்டை அவ்வணி மீண்டும் ஆடிற்று. அச்சிறுமி இப்போது மற்றையோருடன் விரைந்து ஆடிக்கொண்டிருந்தாள். நின்றது போயிற்று, பாட்டின் உயிரும் அதனோடு போயிற்று. இளம் ஆசிரியையிடம் காரணம் வினவினேன்.

"அந்த இடத்திலை ஆட்டம் நிண்டுபோச்செண்டுதான் புள்ளி குறைஞ்சிருக்கும் ஐயா. அதுதான் எடுத்துப்போட்டம்."

"அப்பிடி ஆர் சொன்னது, பிள்ளை?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை ஐயா. நாங்களா நினைச்சதுதான்."

முன்னை ஆண்டு நடுவராய் இருந்தோருள் ஒருவரை யான் அறிவேன். அவர் அக்காட்சிக்கே கூடிய புள்ளி இட்டிருந்தார். குறைத்தது இறுதித் தீர்மானத்திற் காலும் தாளமும் பிரிந்தமைக்காக. நல்லதைக் களைந்து, தீயதை அவ்வாறே வைத்துக்கொண்டு, ஓராண்டு பழகியிருக்கின்றார்கள் அப்பிள்ளைகள். ஒற்றை வரி எழுதிக் கொடுத்திருப்பின் அவ்வாண்டு வீணாகியிராது.

உரைக்கும் முறை

இனியவைகூறலை வள்ளுவர் 10ஆம் அதிகாரமாக இல்லறவியலில் வைத்தார். இடித்துரைப்போரின் இன்றியமையாமையை 45ஆம் அதிகாரமாகிய பெரியாரைத் துணைக்கோடலிலும், 80ஆம் அதிகாரமாகிய நட்பாராய்தலிலும் வற்புறுத்தினார். இவை தம்முள் முரணுவன அல்ல. இனிமை சொல்லுக்கு, உறுதி பொருளுக்கு. இரண்டும் ஒருங்கே அமைந்த உரைக்குச் சில வரம்புகள் உண்டு.

உரை ஆட்டத்தின் இன்ன இடம் என்று காட்ட வேண்டும். அவ்விடம் பார்ப்போருக்கு எப்படித் தோன்றிற்று என்பதைக் கூற வேண்டும். பழகித் திருத்தக்கூடிய வழியொன்றைத் தர வேண்டும். பத்துக் குறை கண்டாலும் இரண்டு மூன்றையே சொல்ல வேண்டும். எல்லாம் கேட்ட பிள்ளை எதனையும் திருத்தாது. பிற அணியோடு ஒப்பிட்டுரைத்தல் ஆகாது. பிள்ளையின் நிறமும் உருவமும் பருமனும் நடுவரின் ஆட்சிக்கு உட்பட்டவை அல்ல. ஆடையின் விலையும் அவ்வாறே. கால் தடுக்கும் ஆடையைப் பற்றிச் சொல்லலாம். பழைய ஆடையைப் பற்றிச் சொல்லலாகாது. நடன ஆசிரியர் இல்லாத பாடசாலைகளிலிருந்து, தமிழாசிரியரோ சமய ஆசிரியரோ பழக்கிய அணிகளும் வருகின்றன என்பதை மறத்தல் கூடாது.

"காரணம் சொன்னால் வழக்கு வரும்; பெற்றோர் வருவர்; அதிபர் வருவார்" என்று அஞ்சுவோர் உளர். அச்சம் முழுவதும் ஆதாரமற்றதன்று. ஆனால் தீர்ப்பு வேறு, உரை வேறு. தீர்ப்பு முடிந்தது, அதன்மேல் வழக்கில்லை. உரை தீர்ப்புக்கு அளிக்கும் சமாதானமன்று. அடுத்த ஆட்டத்துக்கு அளிக்கும் துணை. முடிவு அறிவித்த பின்னர், கூட்டத்தின் நடுவே அன்றி, பொறுப்பாசிரியர் கையில் எழுத்தாகக் கொடுப்பின் கலகத்துக்கு இடம் குறைவு. காரணமறியாத தோல்வியன்றோ ஐயத்தை வளர்ப்பது? வாய்மூடிய நடுவரைப் பற்றியே வதந்தி மிகுதியாக எழுகின்றது.

பெறுவோருக்கும் கடமை உண்டு. உரைத்தாளை வாங்கிய ஆசிரியர் அதனைப் பிள்ளைகள் முன் படித்து, "உன்னாலேதான் தோற்றோம்" என ஒருத்தியைச் சுட்டுவாராயின், நடுவர் காத்த பண்பு அவரிடத்தில் அழிந்துவிடும். ஆட்டத்தைத் திருத்துதற்கு வந்த தாள் ஆளைத் தண்டிக்கும் தாளாகலாகாது.

இதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. அணிக்கு அரைத்தாள். அதில் மூன்று வினா: எது நிலைக்க வேண்டும்? எது எவ்விடத்திற் குறைந்தது? எதனை முதலிற் பழக வேண்டும்? ஒரு வினாவுக்கு இரண்டு வரி. அடுத்த அணி மேடைக்கு ஏறுமுன் எழுதிவிடலாம். வலய மட்டத்திற் போட்டி நடத்துவோர் வருகின்ற பருவத்திலேயே இதனைத் தொடங்குவாராக. வெற்றிக்கிண்ணம் ஓர் அணிக்கே போகும். அரைத்தாளோ வந்த அணி அனைத்துக்கும் போகும்.