திட்டம் 279, பொறுப்பாளி யார்?

2020-21 பட்ஜெட்டோடு கர்நாடக அரசு முதல்முறையாகக் குழந்தைகளுக்கென்று தனிக் கணக்கு ஒன்றை வெளியிட்டது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக 279 திட்டங்கள், 36,340 கோடி ரூபாய், மொத்தச் செலவில் 15 சதவீதத்துக்குச் சற்று மேல். குழந்தைகளுக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் பெரும்பாலும் கையை விரித்துக்கொண்டிருந்த அரசுகளுக்கு நடுவே இது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தத் திட்டங்களில் பல ஏற்கெனவே ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தவை. அவை ஓடிக்கொண்டிருந்த 2019இல்தான் தேசியக் குடும்பநல ஆய்வு இந்த மாநிலத்தில் கணக்கெடுத்தது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 35.4 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையானவர்களில் 65.5 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. திட்டத்துக்குப் பஞ்சமில்லை. இத்தனையும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர்ந்தனவா என்று பார்க்க ஆள்தான் இல்லை. குழந்தைகள், இளைஞர்கள் நலனுக்கு அரசு எந்த வியூகத்தை வகுத்தாலும், அந்த ஆளை வார்டு மட்டத்தில் நியமிப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

பெங்களூரின் காக்ஸ் டவுனையே எடுத்துக்கொள்வோம். பக்கத்து பிரேசர் டவுன் 1898 பிளேக் கற்றுக்கொடுத்த பாடத்தில் உருவான பேட்டை. மனிதர் உடம்பை மனதில் வைத்துத் தெரு போட்ட காலமும் இந்தப் பக்கம் இருந்திருக்கிறது. இன்று மார்க்கெட்டுக்குப் பின்புறமோ ஜீவனஹள்ளிப் பக்கமோ ஒற்றை அறையில் வளரும் மூன்று வயதுப் பிள்ளை மகளிர், குழந்தைகள் நலத்துறையின் கணக்கில் வருகிறது. அங்கன்வாடி மாலையில் மூடிவிடும். வீட்டுவேலைக்கோ கார்மென்ட்ஸுக்கோ போன அம்மா திரும்பி வர இருட்டிவிடும். இடைப்பட்ட நேரத்துக்கு எந்தத் துறையும் பொறுப்பில்லை. கிராமப் பஞ்சாயத்துகளில் வேலையுறுதித் திட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக 2023இல் ‘கூசின மனை’ காப்பகங்களை அரசு அறிவித்தது. நகரத்துக் கூலிக்காரிக்கு அதில் இடமில்லை. ஆறு வயதானதும் பிள்ளை கல்வித்துறைக்கு மாறுகிறது. அருகில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருந்தால் கல்வி உரிமைச் சட்டப்படியான தனியார் பள்ளியின் 25 சதவீத இலவச இடத்துக்கு வழியில்லை என்று 2019இல் விதியைத் திருத்தினார்கள். பழைய உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த இந்தக் கண்டோன்மென்ட் பகுதியில் இதன் விளைவு என்னவென்று சொல்லத் தேவையில்லை. ரத்தசோகை மாத்திரை சுகாதாரத் துறையிடம், நடைபாதை கார்ப்பரேஷன் இன்ஜினியரிடம், சாலையைக் கடக்கும் இடம் டிராபிக் போலீசிடம். பூங்காவோ தோட்டக்கலைப் பிரிவிடம். நெடுங்காலம் பகலில் பூட்டிக் கிடந்த நகரப் பூங்காக்களைக் காலை 5 முதல் இரவு 10 வரை திறந்து வைக்கலாம் என்று முடிவெடுக்க 2024 ஆனது.

பதினைந்து வயதைத் தாண்டினால் நிலைமை இன்னும் மோசம். நாட்டின் முதன்மையான மனநல நிறுவனம் நிம்ஹான்ஸ் இதே ஊரில் இருக்கிறது. அதன் துணையோடு இளைஞர் மேம்பாட்டுத் துறை பத்தாண்டாக ‘யுவ ஸ்பந்தன’ என்ற நல்ல திட்டத்தை நடத்திவருகிறது. 14416 என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவையும் 2022 முதல் உண்டு. தேவையோ பெரிது: 2022இல் நாடு முழுக்கத் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். ஆனால் திட்டம் இளைஞர் துறையின் கையில்; பையன் உட்கார்ந்திருப்பதோ பி.யூ. (பிளஸ் ஒன், பிளஸ் டூ) கல்லூரியில், வேறொரு துறையின் கீழ். இரண்டையும் இணைப்பது அந்தந்த அதிகாரிகளின் நல்ல மனதைப் பொறுத்தது.

நியூசிலாந்து இதை எப்படிச் சமாளித்தது என்பது பார்க்கத்தக்கது. 2018இல் சட்டத்தைத் திருத்தி, ஆட்சியில் இருப்பது யாராயினும் குழந்தைகள் நலனுக்கு ஒரு வியூகம் வகுத்தே ஆக வேண்டும் என்று ஆக்கினார்கள். அதன்படி 2019 ஆகஸ்டில் ஜெசிந்தா ஆர்டன் அரசு முதல் வியூகத்தை வெளியிட்டது; ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கருத்தைக் கேட்டுத்தான் எழுதினார்கள். ஆட்சி மாறியது. புதிய அரசுக்கு அந்த ஆவணம் பிடிக்கவில்லை, சுருக்கி எழுதியது. ஆனால் தூக்கிப்போட முடியவில்லை. 2024இல் தன் பங்குக்கு ஒன்றை வெளியிட வேண்டிவந்தது. நம்மிடம் 1974இலும் 2013இலும் வந்த தேசியக் கொள்கைகள் உண்டு, தமிழ்நாடு 2021 நவம்பரில் வெளியிட்ட மாநிலக் கொள்கையும் உண்டு. படிக்க நன்றாகவே இருக்கும். மீறினால் யாரைக் கேட்பது என்பதில்தான் கொள்கைக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரம்.

பிள்ளைகளிடம் கேட்டால் சாக்லேட்டும் செல்போனும்தான் கேட்பார்கள் என்று சிரிப்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கர்நாடகக் கிராமங்களே பதில். குந்தாபுரம் தாலுகாவில் 1990களிலேயே பிள்ளைகளின் ‘மக்கள பஞ்சாயத்து’ நடந்தது. கன்னடத்தில் மக்களு என்றால் பிள்ளைகள். மழைக்காலத்தில் ஓடையைத் தாண்டிப் பள்ளிக்குப் போக நடைபாலம் வேண்டும் என்று கேட்டவர்கள் அந்தப் பிள்ளைகள். பின்னால் அரசே எல்லாக் கிராமப் பஞ்சாயத்தும் ஆண்டுக்கொரு முறை குழந்தைகள் கிராமசபை கூட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. பல ஊர்களில் அது போட்டோ எடுப்பதோடு முடிகிறது என்பது உண்மைதான். ஆனாலும் கிராமத்துப் பிள்ளைக்குக் கேட்க ஒரு சபை இருக்கிறது. காக்ஸ் டவுன் பிள்ளைக்கு அதுவும் இல்லை. அதன் பெற்றோருக்கே 2020க்குப் பிறகு இல்லாமல் போனது. 2015இல் தேர்ந்தெடுத்த மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 2025 செப்டம்பரில் நகரத்தை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தபோதும் கவுன்சிலர் என்று ஒருவர் இருக்கவில்லை.

கல்வியும் சுகாதாரமும் போலீசும் மாநில அரசிடம் இருக்கும்போது வார்டு அதிகாரி என்ன செய்துவிட முடியும் என்பது வலுவான கேள்வி. சட்டம் அவருக்குக் கட்டளையிடும் அதிகாரம் தர வேண்டியதில்லை. ஒவ்வொரு துறையிடமும் கேட்டு, வந்த பதிலைத் தெரு அறிய வெளியிடும் அதிகாரம் போதும். மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையம் இருக்கிறதே என்றால், அது பெரும்பாலும் புகார் போன பிறகு விழிக்கும் அமைப்பு. சத்தமில்லாமல் குறைந்துகொண்டே போகும் எடையைப் பற்றி யாரும் புகார் எழுதுவதில்லை. பணம் எங்கே என்ற கேள்வி இன்னும் நியாயமானது. அங்கன்வாடிப் பிள்ளையின் சத்துணவுக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய் என்று 2017இல் மத்திய அரசு நிர்ணயித்தது. காகிதத்தில் எழுதும் எந்த வியூகமும் அந்தத் தொகையை உயர்த்திவிடாது. அதற்குத் தனிப் போராட்டம் வேண்டும். ஆனால் அங்கன்வாடியை இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்துவைத்து அதற்குரிய சம்பளத்தை டீச்சருக்குக் கொடுப்பது, பள்ளி வாசலில் வேகத்தடை போடுவது, பி.யூ. கல்லூரிக்கு வாரம் ஒரு நாள் யுவ ஸ்பந்தன ஆலோசகரை அனுப்புவது, பூங்காவின் ஒரு மூலையிலாவது பந்து விளையாட விடுவது ஆகியவற்றுக்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை. மாநில அரசும் மாநகராட்சியும் இந்த ஆண்டே செய்யக் கூடியவை இவை.