கசிந்தால் யாருக்குச் சொல்வது?

1984 டிசம்பர் 3, விடிவதற்குள் போபால் ஹமீதியா மருத்துவமனையில் கண் எரிய, மூச்சு முட்ட ஆயிரக்கணக்கானோர் வந்து விழுந்தார்கள். எந்த வாயு என்று தெரியாமலே டாக்டர்கள் வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. அது தெரிந்த, வாயு கசிந்த ஆலையிலிருந்து சரியான தகவல் வரவில்லை.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்ததுதான் 1986-இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். வரம்பு மீறி மாசு வெளியேறினால், வெளியேறும் என்ற அச்சம் இருந்தாலும்கூட, பொறுப்பானவர் உடனே அதிகாரிகளுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது அதன் 9-ஆவது பிரிவு. மீறினால் அன்று ஐந்தாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஏட்டில் இருந்த அந்த ‘உடனே’ வடசென்னையின் எண்ணூருக்கு வந்து சேரவே இல்லை. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றுதான் முதலில் அறிவித்தார்கள். பிறகு எர்ணாவூர்க் கரையில் கறுப்பு எண்ணெய்க் கூழ் ஒதுங்கியது. இளைஞர்கள் அதை வாளியில் அள்ளினார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை படர்ந்தது. குழாய் எதுவும் உடையவில்லை என்றது ஆலைத் தரப்பு. குப்பத்து மக்களுக்கு விஷயத்தைச் சொன்னது அவர்களுடைய வலைதான். நைலான் கண்களில் ஏறிய பிசுக்கு தேய்த்தும் போகவில்லை. அந்த வலையைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. அலையாத்தி வேர்களில் கறுப்பு ஏறியது, கூழைக்கடாக்களின் இறகு ஒட்டிக்கொண்டது. இந்தக் கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். முன்னதாக ஒரு சொல் கிடைத்திருந்தால் வலையையும் படகையும் கரையேற்றியிருக்கலாம், தண்ணீரில் இறங்காமல் இருந்திருக்கலாம். வெறுங்கையோடு எண்ணெய் அள்ளும் வேலையும் கடைசியில் அவர்கள் தலையில்தான் விழுந்தது.

அமெரிக்காவில் 1989-இல் எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்கா கடலில் ஒரு கோடி கேலனுக்கு மேல் கச்சா எண்ணெயைக் கொட்டியது. மறு ஆண்டே சட்டத்தைத் திருத்தினார்கள்: கசிவைத் தெரிவிக்கத் தவறினால் ஓராண்டு வரை என்றிருந்த சிறை ஐந்தாண்டு வரை ஆனது.

நாமோ ஐந்தாண்டில் தொடங்கி எதிர்த் திசையில் வந்திருக்கிறோம். 1986 சட்டத்தில் ஜன் விஸ்வாஸ் சட்டம் செய்த திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், இதே மீறலுக்கு அபராதம் மட்டுமே. அதைக் கட்டாமல் விட்டால்தான் சிறைப் பேச்சு. பசுமைத் தீர்ப்பாயம் இழப்பீடு விதிக்கலாம், ஆனால் அது சேதத்துக்கான கணக்கு. மறைத்ததற்கான தண்டனை ஆகாது. அபாய ரசாயன விதிகளோ பெரிய விபத்தைத் தெரிவிக்க 48 மணி நேரம் தருகின்றன. அதற்குள் எண்ணூர் முகத்துவாரத்தில் ஓதம் ஏறக்குறைய நாலு முறை ஏறி இறங்கிவிடும்.

கசிவை மறைப்பது தனிக் குற்றமாக வேண்டும். மறைக்க உத்தரவிட்ட மேலாளர் சிறைக்கு அஞ்ச வேண்டும். தகவல் தரும் கெடு சில மணி நேரமாக இருக்க வேண்டும். அதிகாரிக்குப் போகும் அதே செய்தி அதே நேரத்தில் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் குப்பத்துப் பஞ்சாயத்துக்கும் போக வேண்டும். வடசென்னையில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இவை அனைத்தையும் கேளுங்கள்.