ஈரானின் ஸூர்கானாவும் அரசியலும்

உடற்பயிற்சிக் கூடம் அரசியலுக்கு அப்பாற்பட்டதோர் இடமாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. எனினும், கடந்த இரு நூற்றாண்டுகளின் வரலாறு இக்கருத்தை உறுதிப்படுத்துவதாக இல்லை. 1811ஆம் ஆண்டு பெர்லினின் ஹாஸன்ஹைடே திடலில் ஃப்ரீட்ரிஹ் லுட்விக் யான் ஜெர்மானிய இளைஞருக்கு உடற்பயிற்சி அளிக்கத் தொடங்கியபோது, நெப்போலியனின் ஆதிக்கத்திலிருந்து தம் நாட்டை மீட்பதே அவரது நோக்கமாக இருந்தது. 1862இல் பிராக் நகரில் தோன்றிய 'சோகோல்' இயக்கம் செக் தேசியவாதத்தின் நாற்றங்காலாக அமைந்தது. 1898இல் பாஸல் நகரில் கூடிய இரண்டாவது சியோனிஸ மாநாட்டில் மாக்ஸ் நோர்டாவ், தசைவலிமை பெற்ற யூத சமூகமொன்றை உருவாக்க வேண்டுமென அறைகூவல் விடுத்தார். உடலை வளர்ப்பதென்பது ஒரு சமூகத்தை வளர்ப்பதற்கான குறியீடாகவே இவர்கள் அனைவராலும் கொள்ளப்பட்டது.

அவ்வாறாயின், உடல்வலிமை தன்னளவிலேயே குறிப்பிட்டதோர் அரசியல் நோக்கைத் தோற்றுவிக்கின்றதா என்னும் வினா எழுகின்றது. 2013ஆம் ஆண்டு அமெரிக்கா, ஆர்ஜென்டினா, டென்மார்க் ஆகிய மூன்று நாடுகளின் தரவுகளைக் கொண்டு வெளியான உளவியல் ஆய்வொன்று இங்கு நோக்கத்தக்கது. செல்வத்தை மறுபங்கீடு செய்யும் கொள்கை பற்றிய ஆண்களின் கருத்துகளை, அவர்களது மேற்கை வலிமையுடன் அது ஒப்பிட்டது. வலிமை மிக்க செல்வந்தர் மறுபங்கீட்டைக் கூடுதலாக எதிர்த்தனர். வலிமை மிக்க வறியவரோ அதனைக் கூடுதலாக ஆதரித்தனர். அதாவது, வலிமை எந்தத் திசையையும் காட்டவில்லை. ஒவ்வொருவரும் ஏற்கெனவே நின்ற திசையில் அவரை மேலும் உறுதியாக நிற்கச் செய்தது. பெண்களிடத்தில் இத்தொடர்பு காணப்படவில்லை. இம்முடிவைப் புள்ளிவிவரங்களால் அன்றி மனிதர்களின் வாழ்க்கையால் விளங்கிக்கொள்ள விரும்புவோருக்கு ஈரானின் ஸூர்கானா சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

வலிமையின் இல்லம்

'ஸூர்கானா' என்னும் பாரசீகச் சொல்லுக்கு 'வலிமையின் இல்லம்' என்பது பொருள். மரபான ஸூர்கானாவின் வாயில் தாழ்வாகவே அமைக்கப்படும். எத்தகைய மல்லரும் தலை குனிந்தே உள்ளே செல்ல வேண்டும். நடுவே எண்கோண வடிவில் தாழ்த்தப்பட்ட பயிற்சிக்குழி இருக்கும். உயர்ந்த இருக்கையில் அமர்ந்திருக்கும் 'முர்ஷித்' மேளம் கொட்டி, மணி ஒலித்து, அலீ (ரழி) அவர்களின் புகழையும் ஃபிர்தவ்ஸீ, ஸஅதீ, ஹாஃபிஸ் போன்றோரின் கவிதைகளையும் பாடுவார். அந்தத் தாளத்திற்கேற்பப் பெரும் மரக்கர்லாக்களைச் சுழற்றுதல், கேடயம் போன்ற பலகைகளை உயர்த்துதல், சங்கிலி பூட்டிய இரும்பு வில்லைத் தலைக்கு மேல் ஆட்டுதல் முதலிய பயிற்சிகள் இடம்பெறும்.

முர்ஷித் என்னும் சொல்லே இதன் பின்புலத்தை உணர்த்துகின்றது. ஸூஃபி நெறிகளும், 'ஃபுதுவ்வா' எனப்படும் வீர இளைஞர் ஒழுக்க மரபும் இங்கு ஒன்றிணைகின்றன. அப்பாஸியக் கலீஃபா அந்நாஸிர் (ஆட்சி 1180–1225) ஃபுதுவ்வா அமைப்புகளைத் தமது தலைமையின் கீழ் ஒழுங்குபடுத்தினார் என்பதை நினைவிற்கொண்டால், இம்மரபின் மீது ஆட்சியாளர் கொண்ட ஆர்வம் புதியதன்று என்பது தெளிவாகும். மல்லர்கள் தம் முன்மாதிரியாகப் போற்றும் பூர்யாயெ வலீ (மறைவு 1322) பற்றிய கதையும் பொருள் பொதிந்தது. எதிராளியின் தாய் தன் மகனின் வெற்றிக்காக மனமுருகிப் பிரார்த்தித்ததைக் கேட்ட அவர், மறுநாள் வேண்டுமென்றே தோற்றார் என்பர். தன் வலிமையை அடக்கத் தெரிந்தவனே பஹ்லவான் என்பது இக்கதையின் சாரம்.

அரசின் அரவணைப்பு

ரிஸா ஷாஹ் (ஆட்சி 1925–1941) தொடக்கத்தில் மேலைநாட்டு உடற்பயிற்சிகளையே ஊக்குவித்தார். ஆயினும், 1934இல் ஃபிர்தவ்ஸீயின் ஆயிரமாண்டு விழா கொண்டாடப்பட்டபோது, ஸூர்கானாப் பயிற்சி ஈரானின் 'தொன்மை விளையாட்டு' என்னும் புதிய மதிப்பைப் பெற்றது. சமய, ஸூஃபிக் கூறுகள் பின்தள்ளப்பட்டு, இஸ்லாத்திற்கு முந்திய பாரசீகப் பெருமை முன்னிறுத்தப்பட்டது. 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் இதற்கு நேர்மாறானது நிகழ்ந்தது. மன்னரின் படங்கள் அகற்றப்பட்டு, ஷீஆ சமயக் கூறுகள் முதன்மை பெற்றன. கர்லாவும் மாறவில்லை, குழியும் மாறவில்லை. அவற்றுக்குக் கற்பிக்கப்பட்ட பொருளே மாறியது. 2010இல் யுனெஸ்கோ இதனை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மூன்று மல்லர்கள்

அரசு கற்பித்த பொருளை மல்லர்கள் அனைவரும் ஏற்றனரா? தெஹ்ரானின் எளிய குடியிருப்புகளிலிருந்து எழுந்த மூவரின் வாழ்க்கை இதற்கு விடையளிக்கின்றது.

முதலாமவர் ஷஅபான் ஜஅஃபரீ. 1953 பெப்ரவரியில் பிரதமர் முஸத்திக்கின் இல்லத்தைத் தாக்கிய கூட்டத்தின் முன்னணியில் நின்றமைக்காக அவர் சிறையிலடைக்கப்பட்டார். அமெரிக்க, பிரித்தானிய உளவு அமைப்புகளின் துணையுடன் முஸத்திக் வீழ்த்தப்பட்ட ஆகஸ்ட் 19 அன்றுதான் விடுதலையடைந்தார். பின்னர் தெஹ்ரானில் நவீன ஸூர்கானாவொன்று அவருக்கு வாய்த்தது. மன்னரின் விழாக்களில் அணிவகுப்புகளை நடத்திய அவர், புரட்சிக்குப்பின் நாட்டைவிட்டு வெளியேறி 2006இல் கலிஃபோர்னியாவில் இறந்தார். மக்கள் அவருக்கு இட்ட பெயர் 'மூளையற்ற ஷஅபான்' என்பதாகும்.

இரண்டாமவர் தய்யிப் ஹாஜ் ரிஸாயீ. காய்கனிச் சந்தையில் செல்வாக்குப் பெற்றிருந்த இவரும் 1953இல் மன்னரின் பக்கமே நின்றார். ஆனால் 1963 ஜூன் மாதம் ஆயதுல்லாஹ் குமைனீ கைதானதைத் தொடர்ந்து எழுந்த கிளர்ச்சியில் அவர் எதிர்த்தரப்பில் காணப்பட்டார். குமைனீயிடம் பணம் பெற்றதாகச் சாட்சியம் கூறுமாறு வற்புறுத்தப்பட்டும் அவர் இணங்கவில்லை எனக் கூறப்படுகின்றது. அவ்வாண்டு நவம்பரில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

மூன்றாமவர் குலாம் ரிஸா தக்தீ. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் மல்யுத்தத் தங்கப் பதக்கம் வென்ற இவர், முஸத்திக்கின் வழிவந்த தேசிய முன்னணியைச் சார்ந்தவர். 1962இல் பூயீன் ஸஹ்ரா நிலநடுக்கம் பல்லாயிரம் உயிர்களைப் பறித்தபோது, தெஹ்ரானின் வீதிகளில் தாமே நடந்து நிவாரணம் திரட்டினார். மக்கள் அவரிடம் வாரி வழங்கியது, அரசின் மீதல்லாமல் அவர்மீது வைத்திருந்த நம்பிக்கையைக் காட்டியது. 1968 ஜனவரியில் தெஹ்ரான் விடுதியொன்றில் அவர் இறந்து கிடந்தார். தற்கொலையென அரசு அறிவித்தது. மக்களுள் பெரும்பாலோர் அதனை நம்ப மறுத்தனர்.

ஒரே மரபு இம்மூவரையும் மூன்று திசைகளில் செலுத்தியது எவ்வாறு? பஹ்லவானின் செல்வாக்கு, அவனது தசையில் மட்டும் இருப்பதன்று. சந்தை வணிகர், குடியிருப்பு இளைஞர், முஹர்ரம் ஊர்வலத்தினர் எனப் பலரை ஒரு சொல்லால் திரட்டும் ஆற்றலே அவனது உண்மையான மூலதனம். அந்த ஆற்றலை விலைகொடுத்து வாங்க அதிகாரம் எப்போதும் ஆயத்தமாக இருக்கின்றது. மேலும், தலைவனுக்கு விசுவாசம், எளியோர்க்குப் பாதுகாப்பு என்னும் இரண்டையும் ஃபுதுவ்வா ஒருசேரப் போதிக்கின்றது. இவ்விரண்டும் முரண்படும் நாளில் எதனைத் தெரிவு செய்வது என்பதைப் பயிற்சிக்குழி கற்றுத்தருவதில்லை. ஷஅபான் விசுவாசத்தைத் தெரிவு செய்தார். தக்தீ எளியோரைத் தெரிவு செய்தார். தய்யிப் காலந்தாழ்த்தியேனும் பக்கம் மாறினார்.

இத்தெரிவு பழங்கதையாகிவிடவில்லை. 2020 செப்டம்பரில் ஷீராஸ் நகரில் மல்யுத்த வீரர் நவீத் அஃப்காரீ தூக்கிலிடப்பட்டார். 2018ஆம் ஆண்டுப் போராட்டங்களின்போது கொலை செய்தார் என்பது அரசின் குற்றச்சாட்டு. சித்திரவதையால் பெறப்பட்ட வாக்குமூலம் என்பது அவரது மறுப்பு. 2022 டிசம்பரில் 'மிஸ்டர் ஒலிம்பியா' பட்டம் வென்ற ஈரானிய ஆணழகர் ஹாதீ சூபான், நாட்டில் போராட்டங்கள் நிகழ்ந்துகொண்டிருந்த அவ்வேளையில், தம் வெற்றியை ஈரானியப் பெண்களுக்கு உரித்தாக்கினார்.

அளவுகோல்

உடல்வலிமையை இஸ்லாம் இழிவாகக் கருதவில்லை. வலிமையான இறைநம்பிக்கையாளர் பலவீனமானவரைவிட அல்லாஹ்வுக்கு விருப்பமானவர் என்பதும், எனினும் இருவரிடத்திலும் நன்மை உண்டு என்பதும் நபி (ஸல்) அவர்களின் போதனையாகும். ருகானா என்னும் மல்லரோடு அவர்கள் மற்போர் புரிந்து வென்றதாகவும் அறிவிப்புகள் உள்ளன. அதே வேளை, பிறரை வீழ்த்துபவரன்றி, சினம் எழும்போது தம்மைக் கட்டுப்படுத்துபவரே உண்மையான வீரர் என வீரத்தின் இலக்கணத்தையே அவர்கள் மாற்றியமைத்தார்கள். பூர்யாயெ வலீயின் கதை இப்போதனையின் எதிரொலியே எனலாம்.

நம் இளைஞர்கள் உடற்பயிற்சிக் கூடங்களை நாடுவது குறித்து நாம் அஞ்ச வேண்டியதில்லை. அவர்கள் எவ்வளவு எடையைத் தூக்குகின்றனர் என்பதும் நமக்குரிய வினாவன்று. அக்கூடத்தை நடத்துபவர் யார், அங்கு போற்றப்படும் முன்மாதிரி எது, அநீதியின் பொருட்டு அவ்வலிமையை ஒருவர் கேட்டு வரும் நாளில் மறுத்துரைக்கும் உள்ளுரம் அவர்களிடம் வளர்க்கப்பட்டுள்ளதா என்பனவே நாம் கேட்க வேண்டியவை. ஸூர்கானாவின் தாழ்ந்த வாயில் தலை குனியக் கற்பித்தது. எவர் முன் குனியலாகாது என்பதைத் தக்தீ போன்றோர் தாமாகவே கற்க வேண்டியிருந்தது.